ஜீலி கார் நிறுவனத்தின் கதை: கூட்டாளியிடம் கற்றவர்களும் கூட்டாளியில் தங்கியிருந்தவர்களும்

2020 மார்ச்சில் மூடப்பட்ட வாகன இறக்குமதிக் கதவு, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர், 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் பின்னர் இலங்கை வீதிகளில் புதிதாக இறங்கிய வாகனங்களுள் சீனப் பெயர் தாங்கியவை கணிசமானவை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் நமது கரையோரப் பிரதேசத்திலும் 'சீனக் கார் வாங்கலாமா?' என்ற கேள்வி சாதாரணமாகக் கேட்கப்படுகின்ற ஒன்றாகிவிட்டது. பல தசாப்தங்களாக ஜப்பானில் பாவித்துக் கழித்த வாகனங்களோடு பழகிப்போன நமக்கு, 'சீனச் சாமான்' என்ற சொல்லே ஒருவித அவநம்பிக்கையை ஏற்படுத்துவதில் வியப்பில்லை.

இக்கேள்வி நியாயமானதே. மத்திய கிழக்கில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொண்டு வாகனம் வாங்குகின்ற குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். 2022ஆம் ஆண்டு நாடு வெளிநாட்டு நாணயமின்றித் தவித்த வேளையில், சட்டரீதியான வழியில் பணம் அனுப்பிய வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு மின்சார வாகனம் இறக்குமதி செய்யும் அனுமதியை அரசாங்கம் சலுகையாக அறிவித்ததும் நினைவிருக்கலாம். ஆகவே வாகனம் என்பது நமக்கு வெறும் பயணச் சாதனம் மட்டுமன்று. அது ஒரு குடும்பத்தின் பத்துப் பதினைந்து வருட உழைப்பின் உருவமுமாகும்.

ஆனால் 'வாங்கலாமா?' என்ற கேள்வியோடு நின்றுவிடுவது போதாது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் சொந்தமாக ஒரு நல்ல கார் தயாரிக்க இயலாதிருந்த ஒரு நாடு, இன்று ஐரோப்பாவின் புகழ்பெற்ற கார் நிறுவனங்களையே விலைக்கு வாங்குமளவுக்கு வளர்ந்தது எவ்வாறு? வெளிநாட்டுக் கூட்டாளிகள் அதற்கு எந்தளவுக்கு உதவினர்? அதே கூட்டு முயற்சிகள் மலேசியாவிலும் இலங்கையிலும் என்ன பலனைத் தந்தன? இவற்றை விளங்கிக்கொள்ள, இலங்கை வீதிகளிலும் ஓடிய 'பண்டா' காரின் மூல நிறுவனமான ஜீலியின் வரலாறு பெரிதும் உதவும்.

சந்தையைக் கொடுத்துத் தொழில்நுட்பம் பெறுதல்

சீனா தனது பொருளாதாரக் கதவுகளைத் திறந்துவிட்ட காலத்தில் கார்த் தொழில் அங்கு மிகவும் பின்தங்கியிருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களை அழைத்து, அரச நிறுவனங்களோடு கூட்டாகத் தொழில் செய்ய வைப்பதே அன்று தெரிவுசெய்யப்பட்ட வழியாகும். 1983இல் அமெரிக்கன் மோட்டர்ஸ் நிறுவனத்துடன் 'பெய்ஜிங் ஜீப்' கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1984இல் ஜேர்மனியின் வொக்ஸ்வேகன் ஷங்ஹாயில் கால்பதித்தது. 1997இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸும் அதே நகருக்கு வந்து சேர்ந்தது. வெளிநாட்டார் கார்த் தயாரிப்பு நிறுவனமொன்றில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்க முடியாது என 1994ஆம் ஆண்டின் கொள்கை வரையறுத்தது. இக்கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, பயணிகள் கார்களுக்கு 2022இலேயே முற்றாக நீக்கப்பட்டது.

இதன் அடிப்படைச் சிந்தனை எளிமையானது. எமது சந்தையை உங்களுக்குத் தருகிறோம். உங்கள் தொழில்நுட்பத்தை எமக்குத் தாருங்கள் என்பதே அது. விளைவு பாதி வெற்றியாகவே அமைந்தது. உதிரிப்பாகங்கள் தயாரிக்கும் நூற்றுக்கணக்கான தொழிற்சாலைகள் சீனாவில் உருவாகின. தொழிலாளர்கள் பயிற்சி பெற்றனர். ஆனால் அரச நிறுவனங்கள் வெளிநாட்டாரின் வரைபடங்களின்படி வெளிநாட்டாரின் கார்களைத் தயாரித்து இலாபத்தில் பாதியைப் பெற்றுக்கொண்டு அமைதியடைந்தன. வொக்ஸ்வேகனின் சண்டானா கார் தசாப்தங்களாக ஷங்ஹாயில் தயாரிக்கப்பட்டது. அடுத்த காரை எவ்வாறு வடிவமைப்பது என்ற அறிவோ கூட்டாளியின் நாட்டிலேயே தங்கிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் இலாபம் வரும்போது கற்றுக்கொள்ளும் வேட்கை எவருக்கும் குறைந்துவிடுவது இயல்பே.

அனுமதி கிடைக்காதவரின் வழி

இக்கூட்டு ஏற்பாட்டுக்கு வெளியே நின்றவர்தான் லீ ஷூஃபு. 1963இல் சீனாவின் ஷெஜியாங் மாகாணத்துத் தாய்ஜோ பகுதியில் பிறந்த இவர், 1986இல் குளிர்சாதனப் பெட்டி சார்ந்த தொழிலொன்றை ஆரம்பித்தார். ஜீலியின் தொடக்க ஆண்டாக இதுவே கணிக்கப்படுகின்றது. 'ஜீலி' என்பதற்குச் சீன மொழியில் மங்களகரமானது என்று பொருள். பின்னர் கட்டட அலங்காரப் பொருட்கள், அதன் பின்னர் மோட்டார் சைக்கிள் என வளர்ந்த இவர், 1997இல் கார்த் தயாரிப்பில் இறங்கத் தீர்மானித்தார்.

தனியார் ஒருவர் கார் தயாரிக்க அன்று சீனாவில் அனுமதியில்லை. எனவே சிச்சுவான் மாகாணத்தில் சிறிய ரகப் பேருந்து தயாரிப்பதற்கான அனுமதியைக் கொண்டிருந்த தொழிற்சாலையொன்றுடன் இணைந்து, அந்த அனுமதியின் நிழலில் அவர் தொழிலைத் தொடங்கினார். கார் என்பது நான்கு சக்கரங்களும் இரண்டு சோபாக்களும் ஓர் இரும்புக் கூடும்தானே என்று அவர் கூறியதாகச் சொல்லப்படும் கூற்று அக்காலத்தில் பலராலும் நகைக்கப்பட்டது.

1998 ஆகஸ்ட் 8ஆம் திகதி லின்ஹாய் நகரில் ஜீலியின் முதலாவது கார் வெளிவந்தது. 'ஹாவோச்சிங்' எனப்பட்ட அக்கார், தியென்ஜின் நகரில் தயாரிக்கப்பட்ட 'ஷியாலி' காரை அடியொற்றியதாகும். அந்த ஷியாலியோ ஜப்பானின் டைஹட்சு சரேட் காரின் சீன வடிவமாகும். அதாவது, கூட்டு நிறுவனங்களுக்காக உருவாகியிருந்த உதிரிப்பாகத் தொழிற்சாலைகளிலிருந்து பாகங்களை வாங்கி, ஏற்கனவே வீதியில் ஓடிய காரொன்றைப் பிரித்துப் பார்த்துப் படித்து உருவாக்கப்பட்டதே ஜீலியின் முதற்பிள்ளை. அதன் ஆரம்ப வாகனங்கள் தரக்குறைவானவையாக இருந்தன. 2001இல்தான் ஜீலிக்கு முறையான கார்த் தயாரிப்பு அனுமதி கிடைத்தது. சீனாவில் அவ்வனுமதியைப் பெற்ற முதலாவது தனியார் நிறுவனம் அதுவேயாகும். அவ்வாண்டு டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் இணைந்ததும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை.

பார்த்துச் செய்தல் வேறு, புரிந்து செய்தல் வேறு

பார்த்துச் செய்வதற்கு ஒரு விலையுண்டு. ஜீலியின் 'மெய்ரி' காரின் சின்னம் தமது சின்னத்தை ஒத்திருப்பதாகவும், தமது பெயர் விளம்பரத்தில் பயன்படுத்தப்பட்டதாகவும் டொயோட்டா நிறுவனம் பெய்ஜிங் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அக்காரில் பொருத்தப்பட்டிருந்தது டொயோட்டா வகை எஞ்சினாகும். 2003இல் தீர்ப்பு ஜீலிக்குச் சாதகமாக வந்தது. எனினும் வழக்கில் வெல்வது எஞ்சினை உருவாக்கத் தெரிவதாகிவிடாது. பிறரிடம் வாங்கும் எஞ்சினில் தங்கியிருக்கும் வரை, விலையையும் விநியோகத்தையும் தீர்மானிப்பவர் பிறரே என்பதை உணர்ந்த ஜீலி, சொந்தமாக எஞ்சின் தயாரிக்கும் முயற்சியில் இறங்கியது.

இதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டில், பெய்ஜிங்கில் தனது பெயரிலேயே ஒரு உயர்கல்வி நிறுவனத்தை ஜீலி தொடங்கியிருந்தது. முறையான கார்த் தயாரிப்பு அனுமதி கைக்கு வருமுன்னரே மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய இந்நடவடிக்கை இவ்வரலாற்றில் குறைவாகப் பேசப்படுகின்ற, ஆனால் மிக முக்கியமான ஒன்றென்பது எமது கருத்தாகும்.

2005இல் அந்நிறுவனம் ஹொங்கொங் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2007இல், மலிவு விலையில் போட்டியிடும் காலம் முடிந்துவிட்டது, இனித் தரமும் தொழில்நுட்பமுமே நமது வழி என்ற பிரகடனத்தை நிங்போ நகரில் வெளியிட்டு, தனது பழைய மலிவு ரகங்களைக் கைவிடத் தொடங்கியது.

இம்மாற்றத்தின் நடுவழியில் ஜீலி எவ்வாறு இருந்தது என்பதை விபத்துப் பரிசோதனைகள் காட்டுகின்றன. 2009இல் சீனாவின் பாதுகாப்புப் பரிசோதனையில் ஜீலியின் பண்டா கார் ஐந்து நட்சத்திரங்களைப் பெற்றது. 2010இல் இலத்தீன் அமெரிக்கச் சந்தைக்கான பரிசோதனையில், காற்றுப்பை இல்லாத ஜீலியின் 'சீகே' ரகக் கார் ஒரு நட்சத்திரமேனும் பெறவில்லை. 2011இல் ஐரோப்பியப் பரிசோதனையில் அதன் எம்கிராண்ட் கார் நான்கு நட்சத்திரங்களைப் பெற்றது. ஒரே நிறுவனம், மூன்று ஆண்டுகள், மூன்று விதமான முடிவுகள். நிறுவனத்தின் பெயர் மட்டும் வாகனத்தின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. எந்த நாடு எந்தத் தரத்தைக் கேட்கின்றதோ அதற்கேற்ற பொருளே அந்நாட்டுக்கு வந்து சேர்கின்றது. காற்றுப்பை, பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் முறை, மும்முனை ஆசனப்பட்டி ஆகியவற்றை இறக்குமதி வாகனங்களுக்கு இலங்கை 2018இல் கட்டாயமாக்கியதன் முக்கியத்துவமும் இதுவேயாகும்.

வொல்வோவை வாங்கிய கதை

இதற்கிடையில் ஜீலி வெளிநாடுகளில் சிறிய அடிகளை எடுத்து வைத்தது. 2006இல் இலண்டனின் கறுப்பு டக்சிகளைத் தயாரித்த நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்தது. அந்நிறுவனம் நொடிந்தபோது 2013இல் அதை முழுமையாக வாங்கிக்கொண்டது. 2009இல் அவுஸ்திரேலியாவின் கியர்ப்பெட்டி தயாரிப்பு நிறுவனமொன்றையும் வாங்கியது. இவற்றுள் எல்லாமே வெற்றியளிக்கவில்லை. அவுஸ்திரேலிய நிறுவனம் சில ஆண்டுகளில் ஜீலியின் கையைவிட்டுப் போயிற்று.

உலகம் திரும்பிப் பார்த்தது 2010இலாகும். சுவீடனின் வொல்வோ கார் நிறுவனம் 1999இல் அமெரிக்காவின் ஃபோர்ட் நிறுவனத்தால் 645 கோடி டொலருக்கு வாங்கப்பட்டிருந்தது. 2008ஆம் ஆண்டின் உலகப் பொருளாதார நெருக்கடியில் ஃபோர்ட் அதைக் கைகழுவ முனைந்தபோது, 2010 மார்ச்சில் 180 கோடி டொலருக்கு ஜீலியுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இறுதிக் கணக்குத் தீர்க்கப்பட்டபோது அது சுமார் 150 கோடியாகக் குறைந்திருந்தது. இன்று நம் வாகனங்களில் நாம் அணிகின்ற மும்முனை ஆசனப்பட்டியை 1959இல் உலகுக்கு அறிமுகம் செய்த நிறுவனம், முதற்கார் வெளியிட்டுப் பன்னிரண்டே ஆண்டுகளான ஒரு சீன நிறுவனத்தின் கைக்கு வந்தது. இதற்கான பணத்தில் சீன வங்கிகளினதும் உள்ளூர் அரச முதலீட்டு அமைப்புகளினதும் பங்கு கணிசமானது. தனியார் நிறுவனம் என்றாலும் பின்னால் அரசின் தோள் இருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இக்கொள்வனவின் உண்மையான விவேகம் அதன் பின்னரே வெளிப்பட்டது. வொல்வோவின் தொழிற்சாலைகளைப் பிடுங்கிச் சீனாவுக்குக் கொண்டுசெல்லவில்லை. சுவீடன் முகாமைத்துவம் சுவீடனிலேயே இயங்க விடப்பட்டது. 2009இல் சுமார் 3 இலட்சத்து 35 ஆயிரமாக இருந்த வொல்வோவின் ஆண்டு விற்பனை, 2024இல் 7 இலட்சத்து 63 ஆயிரத்தைத் தாண்டியது. மறுபுறத்தில், 2013இல் சுவீடனின் கொதன்பேர்க் நகரில் ஜீலியும் வொல்வோவும் பயன்படுத்தக்கூடிய பொதுத் தொழில்நுட்ப மையமொன்று நிறுவப்பட்டது. அங்கே உருவாக்கப்பட்ட அடித்தளத்தின் மீதே வொல்வோவின் 'எக்ஸ்.சி. 40' காரும், ஜீலியின் புதிய வணிகப் பெயரான 'லிங்க் அன்ட் கோ' கார்களும் எழுந்தன.

கூட்டு நிறுவனங்களில் சீனப் பொறியியலாளர் வெளிநாட்டு வரைபடத்தைப் பெற்றுக்கொள்பவராக இருந்தார். இங்கோ வரைபடம் வரையப்படும் மேசையில் அவருக்கும் ஓர் ஆசனம் கிடைத்தது. ஜீலியின் கதையில் திருப்புமுனை இதுவேயன்றி வொல்வோவின் பெயர்ப்பலகை அன்று.

மலேசியாவின் புரோட்டன்

கல்விக்காகவும் தொழிலுக்காகவும் மலேசியா சென்று வந்த நம் பிரதேசத்தவர்களுக்குப் புரோட்டன் என்ற பெயர் அறிமுகமானதே. பிரதமர் மகாதீர் முகம்மதின் எண்ணத்தில் 1983இல் உருவான இந்தத் தேசியக் கார் நிறுவனம், ஜப்பானின் மிட்சுபிஷியுடன் கூட்டுச் சேர்ந்து 1985இல் 'சாகா' காரை வெளியிட்டது. ஒரு முஸ்லிம் நாடு தானே கார் தயாரிக்கின்றது என்பது அந்நாட்களில் பலருக்கும் பெருமிதமூட்டிய செய்தியாகும். உயர்ந்த இறக்குமதி வரிகளின் பாதுகாப்பில் புரோட்டன் வளர்ந்தது. 1996இல் பிரித்தானியாவின் லோட்டஸ் நிறுவனத்தையும் அது தன்வசப்படுத்தியது.

ஆனால் பாதுகாப்பு நிரந்தரமானபோது சோம்பலும் நிரந்தரமாயிற்று. தரம் பற்றிய முறைப்பாடுகள் பெருகின. மிட்சுபிஷி 2004இல் தனது பங்குகளை விற்று வெளியேறியது. சந்தையில் முதலிடம் வகித்த புரோட்டன் படிப்படியாகச் சரிந்து, அரசாங்கத்தின் நிதியுதவியை நாடும் நிலைக்கு வந்தது. 2017இல் அதன் 49.9 சதவீதப் பங்குகளை ஜீலி வாங்கியது. லோட்டஸின் 51 சதவீதமும் அத்துடன் ஜீலிக்குச் சென்றது.

ஜீலியின் 'போயூ' காரை அடிப்படையாகக் கொண்ட 'எக்ஸ் 70' 2018 டிசம்பரில் மலேசியாவில் வெளியானது. முதலில் சீனாவிலிருந்து முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட அக்கார், பின்னர் தஞ்சோங் மாலிம் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது. 2018இல் சுமார் 65 ஆயிரமாகச் சரிந்திருந்த புரோட்டனின் விற்பனை, 2019இல் ஒரு இலட்சத்தையும் 2023இல் ஒன்றரை இலட்சத்தையும் தாண்டியது. பல்லாயிரம் தொழிலாளர்களின் வேலை தப்பியது என்பது மறுக்கமுடியாத நன்மையே. ஆயினும் 2024 டிசம்பரில் வெளியான புரோட்டனின் முதலாவது மின்சாரக் காரும் ஜீலியின் வடிவமைப்பேயாகும். அன்று மிட்சுபிஷி இருந்த இடத்தில் இன்று ஜீலி இருக்கின்றது. நாற்பது ஆண்டுகளின் பின்னரும் வரைபடம் வெளியிலிருந்தே வருகின்றதெனில், தேசியக் கார் என்பதில் தேசியம் எவ்வளவு என்ற கேள்வி மலேசியாவிலேயே எழுவதில் வியப்பில்லை.

அன்றைய மாணவர் இன்றைய கூட்டாளி

ஒரு காலத்தில் பிறருடைய காரைப் பிரித்துப் படித்த ஜீலியை நோக்கி இன்று பிறர் வருகின்றனர். 2018இல் மெர்சிடிஸ் பென்ஸ் காரைத் தயாரிக்கும் டைம்லர் நிறுவனத்தின் 9.69 சதவீதப் பங்குகளைச் சுமார் 900 கோடி டொலர் செலவில் லீ ஷூஃபு தரப்பு வாங்கியது. அதன் தொடர்ச்சியாக 'ஸ்மார்ட்' என்ற சிறிய காரை இரு தரப்பினரும் சம பங்கில் தயாரிக்க உடன்பட்டு, உற்பத்தியைச் சீனாவுக்கு மாற்றினர். 2022இல் பிரான்சின் ரெனோல்ட் நிறுவனத்தின் தென்கொரியக் கிளையில் 34 சதவீதப் பங்கு ஜீலியின் வசமானது. 2024இல் எஞ்சின் தயாரிப்புக்கென ஜீலியும் ரெனோல்ட்டும் 'ஹோர்ஸ்' என்ற பொது நிறுவனமொன்றை உருவாக்க, சவூதி அரேபியாவின் எண்ணெய் நிறுவனமான அரம்கோ அதில் 10 சதவீதப் பங்கை வாங்கியது. எஞ்சினுக்காக டொயோட்டாவை நம்பியிருந்த நிறுவனம் ஐரோப்பிய நிறுவனமொன்றோடு சரிசமமாக எஞ்சின் தயாரிக்கும் நிலைக்கு வந்தமை, ஏறத்தாழ இருபதாண்டு கால மாற்றமாகும்.

இது குறையற்ற வெற்றிக் கதையன்று. வொல்வோவின் துணை நிறுவனமான போல்ஸ்டார் தொடர்ந்து நட்டமடைய, 2024இல் வொல்வோ அதற்கான நிதியுதவியை நிறுத்தியது. வொல்வோவே 2025இல் சுமார் மூவாயிரம் பதவிகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. சீனாவினுள் நடைபெறும் கடும் விலைப் போட்டி எல்லாச் சீன நிறுவனங்களையும் நெருக்குகின்றது. உள்நாட்டில் விற்க முடியாத மேலதிக உற்பத்தி நம்மைப் போன்ற சிறிய சந்தைகளை நாடி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இலங்கையில் பண்டா

இனி நமது நாட்டுக்கு வருவோம். இலங்கையில் கார் பொருத்துவது புதிய விடயமன்று. 1970களிலேயே தொழிலதிபர் உபாலி விஜேவர்தன மஸ்தா, ஃபியட் கார்களை இங்கு பொருத்தி விற்றார். 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரத்தில் இறக்குமதி வாகனங்கள் பெருகியபோது அம்முயற்சிகள் மங்கிப்போயின.

1995இல் லோரன்ஸ் பெரேரா ஆரம்பித்த மைக்ரோ கார் நிறுவனம் இத்துறையில் மீண்டும் இறங்கியது. தொடக்கத்தில் சொந்தமான சிறிய கார் ஒன்றை உருவாக்க முயன்ற இந்நிறுவனம், பின்னர் தென்கொரியாவின் சங்யோங், சீனாவின் ஜீலி ஆகியவற்றின் வாகனங்களைப் பொருத்தி விற்கும் வழிக்குத் திரும்பியது. அவ்வாறு வந்ததே 'மைக்ரோ பண்டா'. உள்நாட்டில் பொருத்தப்படும் வாகனங்களுக்கான வரிச்சலுகை காரணமாக, புதிய கார் வாங்குவது கனவாக இருந்த பல நடுத்தரக் குடும்பங்களுக்கு அது எட்டும் விலையில் கிடைத்தது. அந்த வகையில் அது செய்த சேவையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

ஆனால் பொருத்துதல் என்பதன் பொருளை விளங்கிக்கொள்வது அவசியம். பிரித்தெடுக்கப்பட்ட பாகங்கள் பெட்டிகளில் கப்பலேறி வருகின்றன. அவற்றை இணைத்து, தொழிற்சாலையின் வசதிக்கேற்ப ஒட்டியும் வர்ணம் பூசியும், டயர், மின்கலம், ஆசனம் போன்ற சிலவற்றை உள்நாட்டில் வாங்கிப் பூட்டி வாகனமாக்குகின்றனர். உள்நாட்டுப் பெறுமதி இத்தனை சதவீதம் எனக் கணக்கிடப்படும்போது டயரின் விலையும் கூலியும் அதில் அடங்கிவிடுகின்றன. அச்சதவீதம் உயர்வதனால் மட்டும் ஒரு பொறியியலாளர் புதிதாக எதையும் கற்றுக்கொண்டார் என்றாகிவிடாது. மூல நிறுவனம் ஒரு ரகத்தைக் கைவிட்டால் பொருத்துபவரும் அதைக் கைவிட வேண்டியதே. இலங்கையில் பண்டாவின் ஆயுளும் சீனாவில் ஜீலி எடுக்கும் முடிவுகளோடு கட்டுண்டதாகவே இருந்தது.

பெயர்களின் மயக்கம் இன்னொரு பாடம். 2017 ஜனவரியில் குளியாப்பிட்டியில் கார்த் தொழிற்சாலையொன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்ட காலத்தில் வொக்ஸ்வேகன் என்ற பெயர் அரசியல் மேடைகளில் பெரிதாக முழங்கியது. அத்திட்டத்தில் தமக்குப் பங்கில்லை என ஜேர்மன் நிறுவனம் பின்னர் தெளிவுபடுத்தியது. கூட்டாளியின் பெயரைக் கேட்பதற்கு முன்னர் ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் நம் நாட்டிலேயே உண்டு. பியகமவில் இயங்கும் லங்கா ஹார்னஸ் நிறுவனம், கார்களின் காற்றுப்பைகளை விபத்தின்போது விரியச் செய்யும் அதிர்வு உணரிகளைத் தயாரித்து ஏற்றுமதி செய்கின்றது. கைத்தொழில் வாகனங்களுக்கான திண்ம டயர் உற்பத்தியிலும் இலங்கை உலகில் முன்னணியில் நிற்கின்றது. முழுக் காரையும் பொருத்தி நமது பெயரை ஒட்டுவதைவிட, ஒரு பாகத்தை உலகத் தரத்தில் செய்யக் கற்றுக்கொள்வது நீடித்து நிற்கும் வழியென்பதை இவை உணர்த்துகின்றன.

நாம் கேட்க வேண்டியவை

மருதமுனையின் நெசவாளருக்கு இவ்விடயத்தைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நூலும் சாயமும் வெளியிலிருந்து வந்தாலும் நெய்யும் கைத்திறனும் வடிவமைப்பும் ஊரிலேயே இருப்பதனால்தான் அவ்வூரின் பெயர் துணியோடு சேர்ந்து பேசப்படுகின்றது. வடிவமைப்பும் வெளியிலிருந்து வருமாயின் மிஞ்சுவது கூலி மட்டுமே.

ஆகவே வாகனம் வாங்குபவர் விலையோடு நின்றுவிடாமல் சில விடயங்களை விசாரித்தறிய வேண்டும். இந்த ரகம் மூல நாட்டில் இன்னும் தயாரிக்கப்படுகின்றதா? இந்நாட்டுக்கு வரும் வடிவத்தில் எத்தனை காற்றுப்பைகள் உள்ளன? மின்சார வாகனமாயின் மின்கலத்துக்கான உத்தரவாதத்தை எழுத்தில் தருபவர் யார், இங்குள்ள முகவரா மூல நிறுவனமா? பழுது பார்க்கக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல வேண்டுமா, கிழக்கில் பயிற்றப்பட்டவர் உள்ளாரா? முகவர் மாறினால் உதிரிப்பாகங்களுக்குப் பொறுப்பு யார்? ஜப்பானியக் கார் பழுதடைந்தால் நமது ஊர்க் கராஜில் பாகம் தேடிப் பொருத்திவிடலாம் என்ற நம்பிக்கை பல்லாண்டு கால அனுபவத்தினால் வந்தது. புதிய வாகனங்களுக்கு அந்நம்பிக்கை இனித்தான் உருவாக வேண்டும்.

கொள்கை வகுப்போரிடம் நாம் கேட்க வேண்டியவை இதைவிடப் பெரியவை. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் 2012 முதல் பொறியியல் பீடம் இயங்குகின்றது. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. நாட்டுக்குள் வாகனம் விற்கவும் பொருத்தவும் வருகின்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வரிச்சலுகை வழங்கும்போது, இத்தகைய நிறுவனங்களின் மாணவர்களுக்கு உயர் மின்னழுத்த மின்கலங்களைப் பாதுகாப்பாகக் கையாளவும் வாகனக் கணினிகளைப் பரிசோதிக்கவும் பயிற்சியளிக்கும் கடப்பாட்டை ஒப்பந்தத்தில் ஏன் சேர்க்க முடியாது? இன்று மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் திருத்தி வாழ்கின்ற நமது இளைஞர்கள், வீதியில் மின்சார வாகனங்கள் பெருகும் நாளில் எந்தப் பயிற்சியுமின்றி நின்றால் அவர்களது பிழைப்புக்கு யார் பொறுப்பு?

'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே' என்பார்கள் நம் மூத்தோர். ஜீலியும் இரவலில்தான் தொடங்கியது. ஆனால் இரவலாக வந்ததை அணிந்து மகிழ்வதோடு அது நின்றுவிடவில்லை. அதன் நெசவைப் பிரித்துப் படித்தது, படிப்பதற்கெனக் கல்லூரி கட்டியது, இறுதியில் தறியையே வாங்கியது. சீனாவின் அளவோ பணமோ அரசின் தோளோ நமக்கில்லை. எனினும் ஒப்பந்தமொன்றில் கையொப்பமிடுவதற்கு முன்னர் 'இதில் எமது பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?' என்று கேட்பதற்கு அவையெதுவும் தேவையில்லை.